அட்டையில் நிற்கும் கட்டடம்

மாதிரி ரயில் அமைப்பதில் ஈடுபாடுள்ளவர்கள், எந்த எஞ்சின், எத்தனை பெட்டி, எந்த வளைவு என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். நிலையத்துக்கும் சரக்குக் கொட்டகைக்கும் வரும்போது மட்டும், கடையில் விற்கும் ஆயத்தத் தொகுப்பு ஒன்றை வாங்கி ஒட்டி வைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன் என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு கட்டடத்தையாவது முதலிலிருந்து தாமே செய்து பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு அசையாத நம்பிக்கை உண்டு. "எனக்குக் கைத்திறன் போதாது" என்று ஒதுங்குபவர்கள் இந்த வேலையைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றே கருதுகிறேன். கத்தியைத் தொடுவதற்கு முன்பே, பார்ப்பதிலும் அளப்பதிலும் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மாதிரி ரயில்களுக்கான அளவுகளில் ஒன்றான எச்.ஓ. (HO) அளவை எடுத்துக்கொள்வோம். அதன் விகிதம் 1:87; அதாவது ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர். இரண்டு மீட்டர் உயரக் கதவு அதில் 23 மில்லிமீட்டர். சாந்தோடு சேர்த்து 75 மில்லிமீட்டர் வரும் செங்கல் வரி ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. பத்து மில்லிமீட்டர் சாந்துக் கோடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டராகிவிடும். ஆழமான பள்ளங்களோடு வரும் செங்கல் தகடுகள் ஏன் பொம்மை வீடு போலத் தோன்றுகின்றன என்பது இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் எனக்குப் புரிந்தது. வரைபடம் கிடைக்காத பழைய கட்டடத்தையும் இதே வழியில் அளந்துவிடலாம்: எட்டும் உயரத்தில் பத்துச் செங்கல் வரிகளை அளந்துகொண்டு, நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் மொத்த வரிகளை எண்ணினால் சுவரின் உயரம் கிடைத்துவிடும்.

இருக்கும் அளவிலேயே எல்லாவற்றையும் கட்ட இடம் போதாது. நூறு மீட்டர் நீளக் கொட்டகை எச்.ஓ. அளவில் 1.15 மீட்டரை விழுங்கிவிடும். அப்போது தூண்களுக்கு இடைப்பட்ட பன்னிரண்டு கண்களை ஐந்தாகக் குறைக்கலாம். ஆனால் கதவையும் சன்னலையும் சுருக்கக் கூடாது. அவற்றைச் சுருக்கினால், பக்கத்தில் நிறுத்தும் 20 மில்லிமீட்டர் மனிதர் பூதம் போலத் தெரிவார்.

நான் மிகவும் வற்புறுத்துவது அட்டை மாதிரியைத்தான். சன்னலைக்கூட வெட்டாமல், மெல்லிய அட்டையில் சுவர்களையும் கூரையையும் மட்டும் ஒட்டி, உரிய இடத்தில் ஒரு வாரம் வைத்திருங்கள்; இருப்பதிலேயே நீளமான பெட்டியை அதை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உட்புறமாகவும் முனைகள் வெளிப்புறமாகவும் தள்ளிக்கொண்டு போகும். இதை எண்ணிப் பார்க்காமல் நான் செய்த முதல் கொட்டகையின் இறவாணத்தில் பெட்டி உரசியது; வண்ணம் பூசி முடித்த கூரையை அறுக்க வேண்டியதாயிற்று. அந்த வலி இன்றும் மறக்கவில்லை. கூரை என்றதும் இன்னொன்று: மாதிரியை நாம் பெரும்பாலும் மேலிருந்தே பார்க்கிறோம். சுவருக்குப் பத்து நாள் செலவிட்டவர் கூரைக்கு ஒரு மாலைப் பொழுதை மட்டும் ஒதுக்குவது நியாயமில்லை.

பொருள்களில் ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் தகடே எனக்குப் பிடித்தது. கத்தியால் இரண்டு முறை கீறி மடக்கினால் கோட்டின் வழியே ஒடிந்துவிடும். கரைப்பான் பசையைத் தூரிகையால் தொட்டால் மூட்டுக்குள் தானே ஓடி, இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். அட்டையும் மரமும் ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பட்டால் வளைந்துகொள்ளும். இரு பக்கமும் பூசி, உள்ளே குறுக்குச் சட்டம் கொடுப்பது நல்லது. சன்னல் கண்ணாடிக்குச் சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி வெண்மையாகப் படியும். உள்ளே எல்.இ.டி. விளக்கு வைப்பதானால் முதலில் உட்சுவருக்குக் கறுப்பு வண்ணம் பூசுங்கள். இல்லாவிட்டால் சுவர் முழுவதும் ஒளிரும்.

அட்டையைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கு இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகத்தை நினைவூட்ட விரும்புகிறேன். ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கு வந்த ராய் இங்லண்ட் (Roye England) என்பவர், பழைய கிராம வீடுகள் தம் கண்ணெதிரே உருமாறுவதைக் கண்டு, அவற்றை 1:76 அளவில் மாதிரிகளாகப் பதிந்து வைக்க முனைந்தார். அங்குள்ள அந்த மாதிரி வீடுகளின் சுவர்கள் அட்டையால் ஆனவை.

இப்போது என் மாதிரி ரயிலின் பக்கத் தண்டவாளத்தோரம், நீராவி எஞ்சின் காலத்துத் தண்ணீர் இறைக்கும் அறை ஒன்று வெறும் அட்டையாக நிற்கிறது. அதன் கொதிகலனுக்கு நிலக்கரி ரயிலில்தான் வந்திருக்கும். ஆகவே கரி இறக்கும் கதவு தண்டவாளத்தைப் பார்த்தே இருக்க வேண்டும். நேற்றிரவு அட்டையைத் திருப்பி வைத்தேன்.