டபுள் ஆச்சாம்!

அந்த வீடியோவைத்தான் சொல்கிறேன். எந்த வீடியோ என்று கேட்காதீர்கள். "எங்க ஏரியாவுல வீட்டு விலை பத்து வருஷத்துல டபுள். நீங்க தப்பான இடத்துல வாங்கிட்டு அழுவுறீங்க" என்று, வாங்கிய வீடு விலை ஏறவில்லையே என்று புலம்புகிறவர்களைப் பார்த்து ஒருவர் சிரித்தாரே, அதுதான்.

பத்து வருடத்தில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு 7.2 சதவீதம். பதிவு, தரகு என வாங்கும்போது 10 சதவீதம் போயிருந்தால் 6.2க்கு வந்துவிடும். பெயின்ட், வீட்டு வரி, மாற்றிய மோட்டார் எல்லாம் இன்னும் கழிக்கவில்லை. விலைவாசியும் 6 சதவீதம் ஏறியிருந்தால் மிச்சம் என்ன? பெரிய லாபம்தான், போங்கள்!

ஏறுவது மண், ஐயா. கட்டடம் முதல் நாளிலிருந்தே தேய்கிறது. 1,200 சதுர அடி ஃப்ளாட்டுக்குப் பத்திரத்தில் 400 சதுர அடி மனைப்பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் பங்கு, என்றால், ஏறப்போவது அந்த 400தான். அதே தெருவில் தனி வீடு வேறு வேகத்தில் ஏறுவது இதனால்தான்.

மண்ணும் எங்கும் ஒரே மாதிரி ஏறாது. காலி மனை தீர்ந்த பகுதிக்கு ஆள் வந்துகொண்டே இருந்தால் விலை ஏறத்தான் செய்யும். ஊருக்கு வெளியே அப்படியில்லை. தேவை கூடினால் அடுத்த வயலில் கல் நட்டு இன்னொரு லேஅவுட் போட்டுவிடுவார்கள். நீங்கள் விற்கப் போகும்போது பக்கத்திலேயே புது மனை, தவணை வசதியோடு! தெரு குறுகலென்றால் மாடி எழுப்ப அனுமதி குறையும், விலையும் குறையும். ரயில் வருகிறதென்றால் அறிவிப்போடே விலை ஏறிவிடும். ஓட ஆரம்பித்தபின் வாங்குகிறவர் அந்த ரயிலுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

"சராசரி விலை ஏறியிருக்கே?" என்பீர்கள். போன வருடம் சின்ன வீடுகள் விற்றன, இந்த வருடம் பெரியவை விற்றன. ஒரு வீடும் ஏறாமலே சராசரி ஏறும். ஒரே வீடு இரண்டு முறை கைமாறிய கணக்கைக் காட்டுங்கள், பேசலாம். பக்கத்து வீட்டுக்காரர் 'சொல்லும்' விலை கணக்கே இல்லை.

"இடம் பார்த்து வாங்கணும்னுதானே அந்த வீடியோக்காரரும் சொன்னார்?" சரி, சொன்னார். கடன் எட்டின இடத்தில் வாங்கியவர்கள் இடம் பார்க்கத் தெரியாமலா வாங்கினார்கள்? கையில் இருந்ததற்கு அதுதான் கிடைத்தது. பிள்ளைகளுக்கு ஒரு கூரை வேண்டியிருந்தது. இன்னும் பன்னிரண்டு வருடம் தவணை கட்டப்போகிறவரைப் பார்த்து எப்படிச் சிரிக்க வருகிறது?

அப்புறம் அந்த டபுள் வீடு. வீடியோவின் கடைசி நிமிடத்தில் அவரே சொல்கிறார், கவனித்தீர்களா? இன்னும் விற்கவில்லையாம்.