சோப்புக்கு வரிசை, போலந்துக்குப் பங்கு

(மாஸ்கோ, 1989 டிசம்பர் கடைசி வாரம். சோப்பு வரப்போகிறது என்று யாரோ சொன்னதை நம்பி நிற்கும் வரிசை. முன்னால் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பின்னால் அவரிடம் படித்த டிராம் ஓட்டுநர் அம்மா.)

ஓட்டுநர்: ஐயா, பேப்பர் பார்த்தீர்களா? 1939-இல் போலந்தைப் பங்கு போட நம் ஸ்டாலின் ஹிட்லரோடு இரகசிய ஒப்பந்தம் போட்டது உண்மைதானாம். மக்கள் பிரதிநிதிகள் மாநாடே கண்டித்துவிட்டது.

ஆசிரியர்: முதல் நாள் ஓட்டெடுப்பில் அந்தக் கண்டனத் தீர்மானம் தோற்றதே, அதையும் சொல்.

ஓட்டுநர்: மறுநாள் ஜெயித்ததே! "செப்டம்பர் 17 அன்று நம் படை போலந்துக்குள் எதற்குப் போனது?" என்று நான் கேட்டதற்குத்தானே ஐந்துக்கு இரண்டு போட்டு ஃபெயிலாக்கினீர்கள்?

ஆசிரியர்: உக்ரைனியர்களையும் பெலாரூசியர்களையும் காப்பாற்றப் போனது. நம் வெளியுறவு மந்திரி மொலோட்டோவ் வானொலியிலேயே சொன்னார்.

ஓட்டுநர்: யாரிடமிருந்து? ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஹிட்லரின் வெளியுறவு மந்திரி ரிப்பன்ட்ராப்போடு கையெழுத்துப் போட்டவரும் அவர்தானே?

ஆசிரியர்: எல்லாம் பிரிட்டனும் பிரான்சும் செய்த வேலை. 1938-இல் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவை ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்தபோது நம்மைக் கூப்பிடவே இல்லை. மறுவருஷம் கூட்டணி பேச ஆள் அனுப்பினார்கள், எதில்? கப்பலில்! ஆடி அசைந்து வந்த பிரிட்டிஷ் அட்மிரல் டிராக்ஸ் கையில் அதிகாரக் கடிதம்கூட இல்லை.

ஓட்டுநர்: அது நியாயம்தான். ரிப்பன்ட்ராப் விமானத்தில் பறந்து வந்துவிட்டார். நாஜிக் கொடி எங்கும் கிடைக்காமல், நாஜி எதிர்ப்புப் படம் எடுக்கிற ஸ்டூடியோவிலிருந்து வாங்கிக் கட்டினார்கள் என்பார்களே.

ஆசிரியர்: கொடியை விடு. ஸ்டாலின் போருக்குத் தயாராக அவகாசம் வாங்கினார்.

ஓட்டுநர்: அவகாசம் தேவைப்பட்டவர் ஐந்து மார்ஷல்களில் மூன்று பேரை முன்னாலேயே தீர்த்துக்கட்டியது எதற்கு? வாங்கின அவகாசத்தில் என்ன நடந்தது? பின்லாந்தோடு சண்டை, ஹிட்லருக்கு ரயில் ரயிலாகத் தானியம். 1941 ஜூன் 22 அதிகாலையில் அவன் படை இந்தப் பக்கம் வருகிறது, நம் தானிய ரயில் அந்தப் பக்கம் போகிறது!

ஆசிரியர்: போரைத் தொடங்கியவன் ஹிட்லர்தான் அம்மா.

ஓட்டுநர்: அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திருடன் வீடு புகுவதற்கு முன்பே எந்த அறை யாருக்கு என்று அவனோடு உட்கார்ந்து பேசியவரை என்ன சொல்வீர்கள்? நரேவ், விஸ்துலா, சான்... போலந்தின் நதிகளை வைத்தே கோடு!

ஆசிரியர்: அந்த ஒப்பந்தத்தின் ஒரிஜினல் எங்கே? கையில் இருப்பது ஜெர்மன்காரர்களின் மைக்ரோஃபிலிம் நகல்தான்.

ஓட்டுநர்: ஒரிஜினலை ஓர் அதிகாரி இன்னொருவரிடம் ஒப்படைத்த 1946-ஆம் வருஷத்துக் குறிப்பு கிடைத்ததே! அதைக் காட்டின பிறகுதான் ஓட்டு மாறியது.

ஆசிரியர்: (குரலைத் தாழ்த்தி) போன வருஷம் பள்ளிக்கூடங்களில் வரலாற்றுப் பரீட்சையையே ரத்து செய்தார்கள். நல்ல வேளை, நான் அதற்கு முன்பே ஓய்வு வாங்கிவிட்டேன்.

ஓட்டுநர்: சரி, அப்போ என் மார்க்கைத் திருத்துங்கள்.

ஆசிரியர்: பழைய பதிவேடெல்லாம் இப்போது எங்கே இருக்கிறதோ! ஒரிஜினல் இல்லாமல் எதைத் திருத்துவது?

ஓட்டுநர்: கவலையே வேண்டாம். அந்த இரண்டைப் பார்த்துவிட்டு என் அப்பா கையெழுத்துப் போட்ட மாணவர் குறிப்பேடு வீட்டில் பத்திரமாக இருக்கிறது.