போக வேண்டியது மனுதான், ஆள் இல்லை

அமெரிக்காவில் இருக்கும் ஒரு தோழி போன வாரம் போனில் பொரிந்து தள்ளிவிட்டாள். விவாகரத்து ஆனது நியூயார்க்கில். அப்புறம் அவள் மகனோடு டெக்சாஸ் போய்விட்டாள், முன்னாள் கணவர் ஒஹையோவுக்கு. பையனுக்கான பராமரிப்புத் தொகையைக் கூட்டித் தரச் சொல்லி அவள் டெக்சாஸ் நீதிமன்றத்துக்கு மனுவோடு போனால், "இங்கே முடியாது, ஒஹையோவில் போய்க் கேளுங்கள்" என்றாராம் கவுண்டரில் இருந்தவர். பையன் இங்கேதானே இருக்கிறான் என்று அவளுக்கு ஆத்திரம்.

ஆத்திரம் நியாயம். ஆனால் அந்த விதியை என்னால் முழுசாகத் திட்ட முடியவில்லை. முன்பெல்லாம் ஆளுக்கொரு மாநிலம் தன் பங்குக்கு ஓர் உத்தரவு போடும். ஒரே குழந்தைக்கு இங்கே ஒரு தொகை, அங்கே ஒரு தொகை. எது செல்லும் என்பதே தனி வழக்கு. 1992-ல் எழுதி, பிறகு எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது: ஒரு நேரத்தில் ஒரே உத்தரவு. அவளுடைய நியூயார்க் உத்தரவு 21 வயது வரை. மற்ற பல மாநிலங்களில் 18-லேயே பொறுப்பு முடிந்துவிடும். அப்பா எந்த மாநிலத்துக்குக் குடிபோனாலும் அந்த 21 குறையாது. வசூலும் சுலபம்தான். உத்தரவை நேராக அவருடைய கம்பெனியின் சம்பளப் பிரிவுக்கு அனுப்பினால் போதும், பிடித்தம் ஆரம்பித்துவிடும்.

தொகையை மாற்றுவதில்தான் சிக்கல். எல்லோருமே நியூயார்க்கை விட்டுப் போய்விட்டதால், மாற்றம் கேட்பவர் எதிராளியின் மாநிலத்தில் கேட்க வேண்டும். அவர் குறைக்கச் சொன்னால் டெக்சாஸுக்கு வர வேண்டும், இவள் கூட்டச் சொன்னால் ஒஹையோவுக்கு. சொந்த மண்ணின் வசதி இருவருக்கும் இல்லை. சட்டம் எழுதியவர்களின் பிடிவாதம் மட்டுமில்லை இது. நியூயார்க்கில் இருந்த ஓர் அப்பா, கலிஃபோர்னியாவில் இருந்த அம்மாவிடம் போக மகளுக்கு ஒருவழி விமான டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். அதை வைத்து மட்டும் அவரைக் கலிஃபோர்னியா நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்று 1978-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனக்குக் கோபமெல்லாம் அந்தக் கவுண்டரில் இருந்தவர் மேல்தான். "ஒஹையோவுக்குப் போங்கள்" என்றவர், போக வேண்டியது மனுதான், ஆள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! டெக்சாஸில் இருக்கும் பராமரிப்பு வசூல் அலுவலகமே மனுவை அங்கே அனுப்பிவைக்கும். அவள் போனிலோ வீடியோவிலோ சாட்சி சொல்லலாம், அதை ஒஹையோ நீதிமன்றம் ஏற்றே ஆக வேண்டும். இது தெரியாமல் அவள் விமான டிக்கெட்டுக்கும் லீவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாடு தாண்டினால் கதையே வேறு. பராமரிப்புத் தொகையை நாடு தாண்டி வசூலிப்பதற்கான 2007 ஹேக் ஒப்பந்தம் 2017 ஜனவரி 1 முதல் அமெரிக்காவுக்கும் பொருந்துகிறது, ஆனால் இந்தியா அதில் இல்லை. சில நாடுகளின் தீர்ப்புகளை மட்டும் இங்கே நேரடியாக நிறைவேற்றலாம் என்கிறது நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு; அந்த நாடுகளிலும் அமெரிக்கா கிடையாது. அந்த ஊர் உத்தரவை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். 2,500 டாலருக்கு மேல் பாக்கி வைத்தால் அமெரிக்க பாஸ்போர்ட் தர மாட்டார்கள். ஆனால் அவளுடைய முன்னாள் கணவர் வைத்திருப்பது இந்திய பாஸ்போர்ட்.

போனை வைக்கும்போதுதான் சொன்னாள், அவர் ஊருக்கே திரும்பிவிடும் யோசனையில் இருக்கிறாராம்.