கலெக்டர் விட்டாலும் மேனேஜர் விடமாட்டார்

டிசம்பர் 3. கோட்டாறு சவேரியார் திருவிழாவின் கடைசி நாள். குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. நமக்கு லீவா? நல்லா கேட்டீர்கள்!

முந்தின நாள் சாயங்காலம் அரை நாள் கேட்டுப் போய் நின்றேன். அரை நாள்தான் சாமி. அம்மாவுக்கு ஒரு நேர்ச்சை. தேரில் போட உப்பும் நல்லமிளகும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பைக்குள் எடுத்து வைத்துவிட்டு, "மக்களே, நாளைக்கு வந்திருவேல்லா?" என்று மூன்று தடவை கேட்டிருந்தாள்.

மேனேஜர் நிமிரவே இல்லை. டிராயரைத் திறந்தார். விடுமுறை அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார்! அதில் ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் மை. கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். வாசித்தார். செலாவணி முறிச் சட்டம் 1881-இன் கீழ் (செக், பாங்க் சமாச்சாரச் சட்டம்) இது பொது விடுமுறை அல்லவாம். எனக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை, 1881-ஐ மட்டும் அழுத்தி. சம்பள உயர்வு கேட்ட அன்றைக்கு இதே டிராயரில் ஒரு துண்டுக் காகிதம் அகப்படவில்லை.

"கவர்மென்டுக்காரங்க இதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை வேலை பாத்து ஈடு கட்டுறாங்க. நீங்க கட்டுவீங்களா?"

சார், நான் வேலைக்கு வராத சனிக்கிழமை எது? அதைச் சொல்லுங்கள் முதலில். (இது மனசுக்குள் கேட்டது. வாயில் வந்தது, "சரி சார்".)

மறுநாள் வடசேரியில் பஸ் இறங்கி ஆபீஸ் வந்தால் சாரைக் காணோம். 'சைட் விசிட்' என்றார்கள். பத்தே முக்காலுக்குப் போன்.

"தம்பி, நீங்க லோக்கல்தானே? இந்தக் கோட்டாறுல காரை எங்க விடலாம்?"

பின்னால் பேண்ட் வாத்தியம். பலூன் கேட்டு ஒரு குழந்தை அலறுகிறது. 1881 எங்கே போனது சார்? சட்டத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்களா?

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜங்ஷன் ஸ்டேஷன் பக்கம் இடம் கிடைக்கும் என்று மரியாதையாக வழி சொன்னேன். நேந்திரங்காய் சிப்ஸ் எங்கே நன்றாக இருக்கும் என்றார். அதையும் சொன்னேன். வைக்கும் முன் ஒரு வார்த்தை: "அந்த ரிப்போர்ட் மத்தியானத்துக்குள்ள வரணும்."

போனை வைத்ததும் பக்கத்து சீட் அக்கா என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அம்மா பக்கத்து வீட்டுச் சித்தியோடு போய் நேர்ச்சையை முடித்துவிட்டாள்.

சரி, அதெல்லாம் போகட்டும். டீக்கடையில் பழம்பஜ்ஜி இப்போது ஏன் இப்படி விரல் மாதிரி இருக்கிறது? ஏத்தன் பழத்தை நீளவாக்கில் எத்தனையாகத்தான் கீறுகிறான்? மாவை மட்டும் தின்பதற்கா நான் காசு கொடுக்கிறேன்?