மலருக்கு எத்தனை தட்டு?

போன வாரம் பினாங்கில் இருபது பயிற்சி ஆசிரியர்கள் முன்னால் நின்று, "மலர் என்ற சொல்லைக் கைதட்டிப் பிரியுங்கள்" என்றேன். பாதிப் பேர் ஒரு தட்டு. மீதிப் பேர் ம, லர் என்று இரண்டு தட்டு. அப்புறம் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

இரண்டு பக்கமும் சரிதான். ஒரு தட்டுக்காரர்கள் யாப்பை, அதாவது செய்யுள் இலக்கணத்தை, நினைத்தார்கள். இரண்டு குறில் சேர்ந்து ஒற்றோடு வந்தால் நிரையசை, ஆக மலர் ஒரே அசை. மற்றவர்கள் காதில் விழுந்ததைத் தட்டினார்கள். செய்யுளை அளப்பதும் அசை, பேச்சொலியைப் பிரிப்பதும் அசை என்று ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்திருப்பது நம் தொல்லை. முதலாம் ஆண்டில் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு வேண்டியது இரண்டாவது. தேமா, புளிமா என்று சீர் வாய்பாட்டைத் தூக்கத்திலும் சொல்லும் இந்தப் பயிற்சி ஆசிரியர்களுக்கு அதை யாரும் தனியாகச் சொல்லித்தந்ததில்லை.

நாம் எப்போதும் எழுத்திலிருந்தே தொடங்குகிறோம். 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டியதும் பாதி வேலை முடிந்துவிட்டதாக நினைப்பு. என் காலத்தில் ஆனா, இம்மன்னா, மாவன்னா, ஆக அம்மா! அது எப்படி அம்மா ஆனது என்று கேட்டால் அடிதான். "பாம்பில் இரண்டு பகரம் இருக்கிறதே, இரண்டும் ஒரே ஒலியா?" என்று கேட்டேன். வாய்க்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு தம்பி, "இத்தனை வருசம் கவனிக்கவே இல்லை டீச்சர்" என்றான். மகரத்துக்குப் பின்னால் வரும் பகரம் குழைந்து ஆங்கில b போல ஆகிவிடுகிறது. தங்கத்தில் வரும் ககரத்துக்கும் அதே கதி. தொல்காப்பியத்தின் பிறப்பியல் எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்றுதான் பேசுகிறது. அதைத் தேர்வுக்காகப் படித்தவர்கள் உண்டு. கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

நம் மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஏழு வயதுப் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளை ஒன்றாகச் சுமக்கிறது. 2011இல் வந்த புதிய கலைத்திட்டத்தோடு ஆங்கிலத்துக்குப் போனிக்ஸ், அதாவது எழுத்தின் ஒலியைச் சேர்த்து வாசிக்கும் முறை, வந்தது. மலாய் வகுப்பில் சுக்கு காத்தா, அதாவது சொல்லை அசை அசையாகப் பிரித்து வாசிப்பது. (சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுக்குக்காப்பி ஞாபகம் வரும்.) 'சி' என்ற ரோமன் எழுத்து குவளையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான சாவானில் ச, ஆங்கிலத்தில் பூனைக்கு கேட் என்னும்போது க. இது மோதும் இடம் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்பவர் யார்? மூன்று ஆசிரியர்களும் தனித்தனியாக நடத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஒரு தங்கை மலாய்ச் சொற்களைத் தமிழில் எழுதி அழகழகாக அட்டை செய்திருந்தாள். புத்தகத்தைக் குறிக்கும் buku என்ற மலாய்ச் சொல்லுக்கு 'புக்கு'. புகு என்று எழுதினால் கு மெலிந்துவிடும், அதனால் ஒரு க் சேர்த்தாள். ஆனால் அட்டையைப் பார்க்கும் பிள்ளை புக், கு என்று பிரிக்கும். மலாய் டீச்சர் கேட்பதோ பு, கு. உபகாரம் செய்யப் போய் உபத்திரவம். அவள்மேல் தப்பில்லை, இதை அவளுக்கு யார் சொன்னார்கள்?

2016இல் மலேசியத் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு என்று விழா எடுத்தோம். 1816இல் அது தொடங்கியது இதே பினாங்கில். நான் போன மேடைகளில் மொழிப்பற்று பேசினார்கள், மாணவர் எண்ணிக்கை பேசினார்கள். ஒரு பிள்ளை எப்படி வாசிக்கப் பழகுகிறது என்று பேசிய ஆளை நான் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால், புணர்ச்சி விதிக்குச் செலவிடும் நேரத்தில் கால்வாசியை வெட்டி இந்தக் காதுப் பயிற்சிக்குக் கொடுப்பேன். இலக்கண ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசியில் பள்ளிக்கூடத்தையே தட்டச் சொன்னேன். ஸ்கூல் ஒன்று, பாட்டி சொல்லும் இஸ்கூல் இரண்டு, மலாயில் செகோலா மூன்று, பாடசாலை நான்கு. அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. மதியம் சாப்பாட்டு வரிசையிலும் ஒரே கைதட்டல். "நாசி கண்டார் சோற்றுக்குப் பெயரில் எத்தனை?" என்று ஒருத்தி கேட்க, "நாலு தட்டு!" என்று எல்லோரும் கத்தினார்கள். கடைக்காரர் நாலு தட்டை எடுத்துச் சோறு போட ஆரம்பித்துவிட்டார்.