பகுதி நேரப் படிப்பாம், பகுதி நேரம்!

இதற்குப் பகுதி நேரப் படிப்பு என்று பெயர் வைத்த புண்ணியவானை ஒரே ஒரு செமஸ்டர் இதில் உட்கார வைக்க வேண்டும். பகலில் முழு நேர வேலை, இரவில் முழு நேர மாணவன். பகுதியாகிப் போனது தூக்கம் மட்டும்தான்.

"வேலை பார்ப்பவர்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது" என்ற வரியை நம்பித்தான் நாற்பதை நெருங்கும் வயதில் துறை மாற நினைக்கிறவர்கள் டேட்டாவை அலசும் அனலிடிக்ஸ் முதுநிலையில் சேர்கிறார்கள். நானும்தான். உள்ளே போய்ப் பார்த்தால், முழு நேரப் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்து வகுப்பை மட்டும் மாலைக்குத் தள்ளியிருக்கிறார்கள். வடிவமைப்பு அவ்வளவுதான்.

நேரம் போவதுகூடப் பரவாயில்லை. எதற்குப் போகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். ஐரிஸ் பூவுக்குப் போகிறது! ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர் அளந்து வைத்ததை ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் 1936-இல் ஒரு கட்டுரையில் பயன்படுத்தினார். மொத்தம் 150 பூக்கள், மூன்று இனம், நான்கு அளவுகள். ஒரு பாடத்தில் அவற்றை வகைப்படுத்தினோம், அடுத்ததில் ஒத்தவற்றைக் கூட்டம் சேர்க்கும் கிளஸ்டரிங், அதற்கடுத்து பல அளவுகளைச் சிலவாகச் சுருக்கும் பிசிஏ. அது முடிந்தால் டைட்டானிக். 1912-இல் மூழ்கிய கப்பலில் யார் பிழைத்தார்கள் என்பதை நாங்கள் ராத்திரி கண்விழித்துக் கணித்துச் சொல்ல வேண்டுமாம்.

அலுவலகத்தில் வருடக்கணக்காக எக்செல்லோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், நிஜமான டேட்டா இப்படிக் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வராது. தேதிக் கட்டத்தில் 03/04 என்று இருக்கும். மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? அனுப்பியவருக்கே தெரியாது. அதற்குக் கீழே 45292 என்று ஒரு மொட்டை எண். எக்செல் தேதிகளை 1900-இலிருந்து எண்ணி வைத்துக்கொள்ளும், அது 2024 ஜனவரி 1. ஒரே வாடிக்கையாளர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாக உட்கார்ந்திருப்பார். ஒரே வாடிக்கையாளர் எண் இரண்டு முறை இருக்கும் பட்டியலோடு ஜாயின் போட்டு இணைத்தால் வரிகள் பெருகி, விற்பனைத் தொகை ஊதிப்போய், மேலாளர் சந்தோஷப்பட ஆரம்பித்துவிடுவார். இதையெல்லாம் கண்டுபிடித்துச் சரிசெய்வதில்தான் வேலையின் பெரும்பகுதி போகிறது. எங்கள் பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு வாரம். டேட்டாபேஸிலிருந்து டேட்டாவை எடுக்க உதவும் மொழியான எஸ்க்யூஎல்? அது விருப்பப் பாடமாம்!

அப்புறம் குரூப் புராஜெக்ட். இதைப் பற்றி நினைத்தாலே ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. ஒருவருக்கு இரவு ஷிப்ட், ஒருவருக்கு மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு. "பிபிடியை நான் பார்த்துக்கிறேன்" என்று முதல் நாளே சொல்லி, எழுத்துருவைத் தேர்ந்தெடுத்ததோடு கடமையை முடித்துக்கொள்ளும் ஒருவர் எல்லாக் குழுவிலும் கட்டாயம் இருப்பார். எல்லோரும் கூட முடிவது இரவு பத்தரைக்குத்தான். என் குரல் கேட்கிறதா, திரை தெரிகிறதா என்பதிலேயே கொஞ்ச நேரம் போகும். ஒருவர் கணினியில் ஓடும் நோட்புக், அதாவது நிரல் எழுதிய கோப்பு, மற்றவரிடம் ஓடாது, பாண்டாஸ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பின் வெர்ஷன் வேறு. சரி, அதையும் சரிக்கட்டினால், தற்செயல் தேர்வுகளை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரவைக்கும் ரேண்டம் சீட் எண்ணை யாரும் வைக்கவில்லை, ஆளுக்கொரு துல்லியம் வருகிறது. எந்த எண்ணை அறிக்கையில் போடுவது என்று நள்ளிரவில் பஞ்சாயத்து. கேட்டால், குழுவாக இயங்கக் கற்றுக்கொள்கிறீர்களாம். ஐயா, பகல் முழுக்க அதைத்தானே செய்துவிட்டு வருகிறோம்! அங்கே அதற்குச் சம்பளமாவது தருகிறார்கள்.

இதையெல்லாம் தாண்டிப் பட்டம் வாங்கினாலும், ஆரம்பநிலை வேலை என்று போட்டுவிட்டு மூன்று வருட அனுபவம் கேட்கிற விளம்பரங்கள்தான் காத்திருக்கின்றன. முன்பு பார்த்த வேலையின் அனுபவம் அதில் சேராதாம். கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவர், நேற்று பைத்தான் கற்றவரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

அடுத்த செமஸ்டருக்கு, கால வரிசையில் வரும் எண்களை அலசும் டைம் சீரிஸ் எடுக்கலாம் என்றிருந்தேன். என் வேலைக்கு உண்மையில் உதவக்கூடிய ஒரே பாடம் அது. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மட்டும்தான் நடக்குமாம், பதிவு செய்த வீடியோவும் கிடையாதாம். கட்டணத்தை மட்டும் நடுராத்திரியிலும் ஆன்லைனில் கட்டலாம்.