சாரலில் கதவைச் சீவச் சொல்லாதீர்கள்

குற்றாலத்தில் அருவி விழ ஆரம்பித்ததும் ஊரே குளிக்கக் கிளம்பும். எனக்கு மட்டும் போன் வர ஆரம்பிக்கும். "அண்ணாச்சி, வாசக்கதவு பிடிக்குது. வந்து லேசா சீவி விட்டுருங்களேன்." ஆனி, ஆடி முழுக்க இதே பாட்டுதான். ஐப்பசி மழையில் இன்னொரு சுற்று.

போவேன், பார்ப்பேன். ஆனால் பெரும்பாலும் சீவ மாட்டேன். "ஒரு கதவைச் சீவ இவ்வளவு யோசனையா, இவரெல்லாம் ஆசாரியா" என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

வெட்டி, அறுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்த பிறகும் மரம் சும்மா இருக்காது. காற்றில் ஈரம் கூடினால் குடிக்கும், குறைந்தால் விடும். நீளவாக்கில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இருக்காது. அகலத்தில்தான் ஊதும், சுருங்கும். தேக்கு இந்த விஷயத்தில் சாதுவான மரம். அதுவே ஒரு அடி அகலப் பலகை என்றால் கோடைக்கும் சாரலுக்கும் நடுவில் 2, 3 மில்லிமீட்டர் கூடிவிடலாம். பழைய கதவுகளில் பேனலைச் சட்டத்தில் வெட்டிய காடி என்கிற பள்ளத்துக்குள் பசை போடாமல் சும்மா செருகி வைத்திருப்பதும் இதனால்தான். உள்ளே அசைய இடம் வேண்டும். அது தெரியாமல் "ஆடுதே" என்று ஆணி அடித்து இறுக்கினால், அடுத்த கோடையில் பேனல் நடுவே பிளந்து நிற்கும்.

எனக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது. தொழிலுக்கு வந்த புதிது. கரண்ட் இழைப்புளி கையில் கிடைத்த மிதப்பு வேறு. நல்ல ஆடிச் சாரலில் ஒரு வீட்டுக் கதவைக் கால் அங்குலம் சீவித் தள்ளிவிட்டேன். கதவு வெண்ணெய் மாதிரி சாத்தியது, டீயும் கொடுத்தார்கள். பங்குனியில் அந்த வீட்டுக்காரம்மா கூப்பிட்டுவிட்டார். சாத்திய கதவுக்கும் நிலைக்கும் நடுவே தெருவில் போகிற பஸ் தெரிந்தது. என் கைக்காசில் ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம் வாங்கி, ஓரத்தில் ஒட்டி, கலர் சேராமல் தவித்து... அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது கதவு பிடிக்கிறது என்று போனால், இழைப்புளியைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. முதலில் மேல் கீலைப் பார்ப்பேன். அதில் ஸ்க்ரூ தளர்ந்து கதவு தொங்கியிருந்தால், எதிர்ப்பக்கம் மேல் முனையில் உரசும். மழை மேல் பழி, குற்றவாளி ஸ்க்ரூ. கீல் சரியாக இருந்தால் நிலையில் சாக்பீஸ் தேய்த்துக் கதவை ஒருதரம் சாத்தித் திறப்பேன். எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் உரசல். கட்டாயம் எடுத்தே ஆகவேண்டும் என்றால் கை இழைப்புளியில் இரண்டு சீவல், காகிதம் போல. அதற்கு அலகு கூராக இருக்க வேண்டும். தேக்குக்குள் மணல் மாதிரி ஒரு சத்து இருக்கிறது, சீக்கிரம் மழுங்கடித்துவிடும். அதனால் எங்கள் பட்டறையில் காலை முதல் வேலை சாணைக்கல்தான். புதிதாக வருகிற பையன்கள் இதற்கே பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள்.

அப்புறம் ஒரு ரகசியம். கதவைக் கழற்றி அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பத்துக்கு எட்டில் வெறும் மரமாக இருக்கும், பெயிண்ட் படாமல். கண்ணுக்குத் தெரியாத இடம், யார் அடிப்பார்கள்? சட்டத்தின் வெட்டுமுனை இருப்பது அங்கேதான், மரம் தண்ணீரை அதிகம் இழுப்பதும் அந்த முனை வழியாகத்தான். மாட்டுவதற்கு முன்பே அடியிலும் தலையிலும் இரண்டு கோட் அடித்திருந்தால் என் போன் பாதி நாள் அடிக்காது.

இதையெல்லாம் செய்ய நேரம் விட்டால்தானே! பலகையை வெயில்படாமல், நடுவே ரீப்பர் வைத்து அடுக்கி, மாதக்கணக்கில் காற்றாட விட வேண்டும். ஆனால் கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அறுவை மில்லிலிருந்து நேரே லாரியில் மரம் வந்து இறங்கும். சுவரில் பூச்சு ஈரம் காயவில்லை, அதற்குள் கதவு மாட்டியாக வேண்டும். "முகூர்த்தம் குறிச்சாச்சு அண்ணாச்சி" என்பார்கள். அந்த முகூர்த்தத்தைக் குறிக்கும்போது மரத்தை யாரும் கேட்பதில்லை.

நேற்றும் ஒரு போன். "கார்த்திகை முடியட்டும், தானா விட்டுரும்" என்றேன். கோபமாக வைத்துவிட்டார். தை மாதம் நானே கூப்பிட்டு விசாரிப்பேன்.